கடன் வாங்கி எம்.எஸ். படிக்க எந்த நாடு? மாறிய விதிகளோடு ஒரு கணக்கு

பிரிட்டனில் ஒரே பல்கலைக்கழகம், ஒரே எம்.எஸ்சி. படிப்பு, ஒரே ஃபீஸ். 2025 செப்டம்பரில் சேர்ந்தவருக்கு 2026 கடைசிக்குள் ரிசல்ட் வந்து, டிசம்பர் 31க்குள் கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால், இரண்டு ஆண்டு தங்கி வேலை தேடலாம். நான்கு மாதம் தள்ளி 2026 ஜனவரி இன்டேக்கில் சேர்ந்தவர் படிப்பை முடிக்கும்போது 2027 பிறந்துவிடும். அவருக்கு 18 மாதம்தான். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு அந்த விசாவின் காலத்தை அரசு குறைத்துவிட்டது. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு மட்டும் பழைய மூன்று ஆண்டு தொடர்கிறது.

எந்த நாட்டின் மாணவர் விசாவும் படிப்புக்கு மட்டும்தான் உறுதி சொல்கிறது. படித்து முடித்த பின் கிடைக்கும் வேலை அனுமதி, நாம் விண்ணப்பிக்கும் அன்றைக்கு என்ன விதியோ அதன்படிதான். 2023 கடைசியிலிருந்து கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா நான்கும் இந்த இரண்டாவது கதவைத்தான் ஒவ்வொரு பக்கமாக இறுக்கிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் ஊரில் கேட்கப்படும் கேள்வி இன்னும் மாறவில்லை. ஈரோட்டுப் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் யாராவது ஒரு அப்பா ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்பார்: “எந்த நாட்டுக்குங்க இப்ப விசா லேசாக் கெடைக்குது?” நான் திருப்பிக் கேட்பது, “எவ்வளவு கடன் வாங்கப் போறீங்க?” என்று. அவருக்கு அது பதிலாகத் தெரியாது. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

பாதியில் விதி மாறி பையனோ பெண்ணோ பட்டத்தோடு ஊர் திரும்ப வேண்டி வந்தால், இங்கே கிடைக்கும் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்க முடியுமா? 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் மாதத் தவணை 55,000 ரூபாய். அதே வட்டியில் 15 லட்சம் என்றால் 20,700க்குள் அடங்கும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை. சென்னையில் வேலைக்குச் சேரும் புதிய இன்ஜினியர் இரண்டாவது தவணையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுவார். முதலாவதை அப்பாவின் வீட்டுப் பத்திரம்தான் கட்ட வேண்டியிருக்கும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் கீழே ஒவ்வொரு நாடாகப் பார்க்கிறேன். சொந்தப் பணத்தில் போகிறவர்களுக்கு முடிவு வேறாக இருக்கலாம்.

பிரிட்டன்

ஓராண்டில் பட்டம் கைக்கு வந்துவிடும். ஒரு வருட வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மிச்சம். இதைச் சொல்லித்தான் கன்சல்டன்சிகள் விற்கின்றன, பொய்யும் இல்லை. அதற்கு அடுத்த படியில்தான் கால் இடறுகிறது.

கிராஜுவேட் விசா முடிவதற்குள், கம்பெனி வேலை கொடுத்தால் கிடைக்கும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாற வேண்டும். அதன் பொதுச் சம்பள வரம்பு 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700க்கு ஏறியது. 2025 ஜூலை 22 முதல் 41,700. அதே நாளிலிருந்து, சில விலக்குகள் தவிர, பட்டப்படிப்புத் தரத்திலான வேலைகளுக்கு மட்டும்தான் இந்த விசா. புதிதாகப் படித்து வருபவர்களுக்குச் சலுகை உண்டு, 33,400 பவுண்டு போதும். ஆனால் அந்தச் சலுகை மொத்தம் நான்கு ஆண்டுதான், கிராஜுவேட் விசாவில் கழித்த மாதங்களும் அதில் கழியும். நிரந்தரக் குடியிருப்புக்கான ஐந்தாண்டுக் கணக்கிலோ அதே மாதங்கள் சேராது. அந்த ஐந்தையும் பத்தாக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அரசு முன்வைத்திருக்கிறது.

ஆக, வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் அனுமதி (ஸ்பான்சர் லைசென்ஸ்) உள்ள கம்பெனி, 33,400க்குக் குறையாத சம்பளம், 18 மாத அவகாசம். லண்டனில் ஃபைனான்ஸ், சாஃப்ட்வேர், டேட்டா பக்கம் இது நடக்கும். மான்செஸ்டரிலோ பர்மிங்ஹாமிலோ மார்க்கெட்டிங் முதுநிலை படித்தவருக்கு அந்தச் சம்பளத்தில் முதல் வேலை அமைவது கஷ்டம். கடையிலும் கிடங்கிலும் பார்ட் டைம் வேலை பார்த்தே 18 மாதமும் ஓடிவிடும்.

கல்யாணமானவர்களுக்கு இன்னொரு தடை. 2024 ஜனவரி 1 முதல் சாதாரண முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர் துணையையோ குழந்தையையோ அழைத்துப்போக முடியாது. ஆராய்ச்சிப் படிப்புக்கு விலக்கு. மருத்துவ சேவைக்கான ஹெல்த் சர்சார்ஜ் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு, கிராஜுவேட் விசாவில் 1,035. இதை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். பட்ஜெட் போடும்போது பலரும் விட்டுவிடுகிற செலவு இது.

முழுக் கடனில் பிரிட்டன் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். இங்கே திரும்பி வந்தால் இடம் வைத்திருக்கும் கம்பெனியோ, பாதிப் பணம் கையிலோ இருந்தால் சரி.

கனடா

நம்மூர்ப் பிள்ளைகள் பலர் கையைச் சுட்டுக்கொண்டது இங்கேதான். ஆனால் சுட்டது பெரும்பாலும் டிப்ளமோ, முதுநிலை அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கனடா பாதி புரிந்துவிடும்.

2024 ஜனவரியில் மாணவர் அனுமதிகளுக்கு முதல்முறையாக உச்சவரம்பு வந்தது. மாகாண அரசின் சான்றுக் கடிதம் இல்லாமல் பெரும்பாலோர் விண்ணப்பிக்கவே முடியாது என்றானது. வேகமாக விசா வாங்கித் தந்த எஸ்.டி.எஸ். வழி 2024 நவம்பர் 8 அன்று மூடப்பட்டது. வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை 10,000 கனடிய டாலராக இருந்தது, 2024இல் 20,635 ஆகி, 2025 செப்டம்பர் முதல் 22,895. புதிதாக உள்ளே விடும் மாணவர்களின் இலக்கு 2025க்கு 3,05,900. 2026க்கு 1,55,000. ஒரே ஆண்டில் பாதி.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘கனடா முடிந்தது’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே காலத்தில் முதுநிலை மாணவர்களுக்கு விதிகள் சில இளகியிருக்கின்றன. எட்டு மாதத்துக்குக் குறையாத முதுநிலைப் படிப்பு முடித்தாலே மூன்று ஆண்டு வேலை அனுமதி என்று 2024 பிப்ரவரியில் மாற்றினார்கள். முன்பு இரண்டு ஆண்டுக்குக் குறைந்த படிப்பென்றால் அதன் நீளம்தான் அனுமதியின் நீளம். 2026 ஜனவரி 1 முதல் அரசுக் கல்வி நிறுவனங்களில் முதுநிலை, முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு மாகாணக் கடிதம் வேண்டாம். டிப்ளமோ முடித்தவர் குறிப்பிட்ட துறைகளில் படித்திருந்தால்தான் வேலை அனுமதி என்ற 2024 நவம்பர் விதியும் முதுநிலைப் பட்டதாரிகளைத் தொடாது.

துணைவியோ துணைவரோ கூட வர வேண்டுமானால் படிப்பின் நீளத்தைப் பாருங்கள். 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுநிலைப் படிப்பில் இருப்பவரின் துணைக்குத்தான் எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்கலாம் என்கிற ஓப்பன் வொர்க் பெர்மிட். செலவு குறையும் என்று 12 மாதப் படிப்பை எடுத்தால் உங்களுக்கு மூன்று ஆண்டு அனுமதி வரும், மனைவிக்கு வராது. பிராஸ்பெக்டஸில் ‘12 முதல் 16 மாதம்’ என்று போட்டிருந்தால், ஆஃபர் லெட்டரில் எந்த எண் அச்சாகி வருகிறது என்று பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

பி.ஆர். எனும் நிரந்தரக் குடியிருப்பு விஷயத்தில் மட்டும் தேன் தடவிப் பேசுவதற்கில்லை. புள்ளிகளை வைத்து பி.ஆர்.க்கு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்குக் கிடைத்த 50 அல்லது 200 புள்ளிகளை 2025 மார்ச் 25 அன்று எடுத்துவிட்டார்கள். கனடாவில் வேலை பார்த்த அனுபவத்தை வைத்து அழைக்கும் சுற்றுகளில் 2025இல் கட்-ஆஃப் 500க்குக் கீழே இறங்கவில்லை. அதே ஆண்டில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்றில் அது 379 வரை இறங்கியது. புதுச்சேரியிலும் சென்னையிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் வைத்துக்கொண்டு நாம் இன்னும் ஐ.ஈ.எல்.டி.எஸ். கோச்சிங் ஒன்றையே நம்பியிருப்பது எனக்குப் புரியாத விஷயம். கனடா என்று முடிவு செய்தவர் கல்லூரிக் காலத்திலேயே பிரெஞ்சு தொடங்கினால், அதற்குச் செலவழிக்கும் பணத்தைவிட லாபமான முதலீடு இந்தப் பாதையில் வேறில்லை.

ஸ்கார்பரோவில் பெரியப்பா மகன் வீடு இருக்கிறது, முதல் ஆறு மாதம் அங்கே தங்கிக்கொள்ளலாம் என்கிறவர்களுக்குக் கணக்கு இன்னும் கொஞ்சம் சாதகம். டொராண்டோ வாடகை அப்படி.

ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும்

இவை இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டுக்கும் கடன் பெரிது.

ஆஸ்திரேலியாவின் மாணவர் விசாக் கட்டணம் 2024 ஜூலைக்கு முன் 710 ஆஸ்திரேலிய டாலர், பிறகு 1,600, 2025 ஜூலை முதல் 2,000. விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. வங்கியில் காட்ட வேண்டியது 29,710 டாலர், அதுவும் வாழ்க்கைச் செலவுக்கு மட்டும். படித்து முடித்தவர்களுக்கான 485 விசாவின் வயது வரம்பை 50லிருந்து 35க்கு இறக்கிவிட்டார்கள். பத்து வருடம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கப் போகலாம் என்றிருந்த 34 வயதுக்காரர்களுக்கு இந்த ஒரு விதியே கதவைச் சாத்திவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தத்தின் பேரில், இந்தியர்கள் முதுநிலைப் படிப்புக்குப் பின் மூன்று ஆண்டு வரை தங்கலாம். மற்ற நாட்டவருக்குப் பொதுவாக இரண்டுதான். நர்சிங், ஆசிரியப் பணி, சிவில் என்றால் ஆஸ்திரேலியாவை யோசிக்கலாம். பிசினஸ் முதுநிலைக்கு 45 லட்சம் கடன் வாங்கிப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்காவில் எஸ்.டி.இ.எம். (அறிவியல், தொழில்நுட்பம், இன்ஜினியரிங், கணிதம்) படித்தவருக்கு, படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதியான ஓ.பி.டி. 12 மாதமும் நீட்டிப்பு 24 மாதமுமாக மூன்று ஆண்டு இன்னும் இருக்கிறது. பயமுறுத்தியது 2025 செப்டம்பர் 19 அன்று வந்த, ஹெச்-1பி எனும் வேலை விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டண உத்தரவு. அக்டோபரில் வந்த விளக்கப்படி, அமெரிக்காவிலேயே மாணவர் விசாவிலிருந்து ஹெச்-1பிக்கு மாறுகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. எனவே மாணவர்களைப் பொறுத்தவரை அது வாட்ஸ்அப்பில் வந்த அளவுக்குப் பெரிய பேயல்ல. அவர்கள் கவலைப்பட வேண்டியது ஹெச்-1பிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குலுக்கல் மாறியதற்கு. சம்பள நிலை நான்கில் இருப்பவரின் பெயர் நான்கு முறை, நிலை ஒன்றில் இருப்பவரின் பெயர் ஒரு முறை என்று 2026இல் எடைபோட்ட குலுக்கல் வந்துவிட்டது. படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்கிறவர் பெரும்பாலும் கீழ் இரண்டு நிலைகளில்தான் இருப்பார். அப்படியே ஹெச்-1பி விழுந்தாலும், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால் இந்தியர்களின் கிரீன் கார்டு வரிசை எங்கே போய் முடிகிறதென்று தெரியாது. ஊருக்கு வந்து போவதும் முன்போல இல்லை. 2025 செப்டம்பர் முதல், நேர்காணல் இல்லாமல் விசா புதுப்பிக்கும் டிராப்பாக்ஸ் வசதி பெரும்பாலோருக்கு நின்றுவிட்டது. டிசம்பரில் ஹெச்-1பி நேர்காணல்களை மாதக்கணக்கில் தள்ளிவைத்ததால், தங்கை கல்யாணத்துக்கு வந்தவர்கள் அண்ணா சாலை கான்சலேட் தேதிக்காக இங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் வரிசைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட், ஃபீஸில் ஒரு பகுதிக்காவது உதவித்தொகை என்றால் அமெரிக்காவுக்கு ஈடு இன்னும் இல்லை. இரண்டும் இல்லாமல் போவது சூதாட்டம்.

ஜெர்மனி

கடன் கணக்கில் இது தனி ரகம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும். விலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வாங்குகிறது. மற்ற ஊர்களில் ஆஹனிலும் டிரெஸ்டனிலும் கெம்னிட்ஸிலும் ஃபீஸ் இல்லாமல் படிக்கலாம்.

காட்ட வேண்டிய பணம் பிளாக்ட் அக்கவுன்டில் 11,904 யூரோ, 12 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இது செலவல்ல, உங்கள் பணமே மாதம் 992 யூரோவாகத் திரும்பி வரும். அதில் மாணவர் மருத்துவக் காப்பீடு 140 யூரோவுக்கு மேல் போகும், மீதியில் அறை வாடகையும் சாப்பாடும். சிறிய ஊரில் முடியும், மியூனிக்கில் முடியாது. 2024 மார்ச் முதல் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். முதல் ஆண்டை இந்தப் பணத்தில் ஓட்டி, இரண்டாம் ஆண்டைப் பார்ட் டைம் வேலையில் ஓட்டுவதுதான் வழக்கமான வழி. 15 லட்சத்துக்குள் கடன் நிற்பது இப்படித்தான்.

இரண்டாவது கதவைப் பாருங்கள். மற்ற நாடுகள் இறுக்கிய காலத்தில் ஜெர்மனி தளர்த்தியது. படித்து முடித்ததும் 18 மாதம் வேலை தேடலாம். பட்டதாரி வேலைக்கான அனுமதியான ப்ளூ கார்டுக்குச் சம்பள வரம்பு 2026இல் 50,700 யூரோ, புதுப் பட்டதாரிகளுக்கும் ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளுக்கும் 45,934. ப்ளூ கார்டில் பி1 எனும் நடுநிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதத்திலும், ஏ1 எனும் தொடக்க நிலை மட்டும் இருந்தால் 27 மாதத்திலும் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். பிரிட்டன் பத்தாண்டைப் பேசிக்கொண்டிருக்கும்போது இது எவ்வளவு பெரிய வித்தியாசம்! 2024 அக்டோபரில் இந்தியர்களுக்கான திறன் பணியாளர் விசாக்களை ஆண்டுக்கு 20,000லிருந்து 90,000 ஆக்குவதாகவும் அறிவித்தார்கள். அங்கேயும் காற்று திரும்பாமல் இல்லை. மூன்றாண்டில் குடியுரிமை என்று 2024இல் கொண்டுவந்த விதியை 2025 அக்டோபரில் நீக்கினார்கள், ஐந்தாண்டு மட்டும் நிற்கிறது. விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழியும் 2025 ஜூலையோடு போய்விட்டது. இனி மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் வழக்குப் போட வேண்டும்.

பிறகு ஏன் எல்லாரும் ஜெர்மனிக்கே போகவில்லை? மொழி. ஆங்கிலத்திலேயே முதுநிலை படிக்கலாம் என்பது உண்மை, ஆங்கிலத்திலேயே வேலை கிடைக்கும் என்பது பெர்லின் சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு வெளியே அவ்வளவாக உண்மையில்லை. பி1க்கும் மேலான பி2 ஜெர்மன் இல்லாமல் ஸ்டுட்கார்ட் பக்கம் டிசைன் இன்ஜினியர் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கலாம். வண்டித் தொழிலும் அங்கே இப்போது தள்ளாடுகிறது. 2030க்குள் 35,000 வேலைகளைக் குறைக்க ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. 2025 செப்டம்பரில் போஷ் மேலும் 13,000 என்றது. மெக்கானிக்கல் படித்துவிட்டு ‘ஆட்டோமோட்டிவ்’ என்று கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கிறவர்கள் மின்விநியோகம், ரயில், ஆட்டோமேஷன் பக்கமும் படிப்புகள் இருக்கின்றன என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏஜென்டுகளுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை. அதனால் கன்சல்டன்சி மேஜையில் உங்கள் முன் வைக்கப்படும் ஜெர்மன் பிரோஷர் பெரும்பாலும் தனியார் பல்கலைக்கழகத்தினுடையது. ஃபீஸ் ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டும். அந்த ஃபீஸைச் சேர்த்தால் ஜெர்மனி என்ற கணக்கே கலைந்துவிடும். பாதி ஆன்லைன், பாதி நேரில் என்கிற படிப்பென்றால் விசாவிலும் சிக்கல். ‘ஆப்பர்ச்சுனிட்டி கார்டு வாங்கித் தருகிறோம், வேலை நிச்சயம்’ என்பதும் இந்த வகைதான். அது ஓராண்டு வேலை தேடும் அனுமதி மட்டுமே. வேலை அதில் இல்லை.

எனவே என் வரிசை இப்படி: முழுக்கக் கடனில் போகும் இன்ஜினியரிங், அறிவியல் பட்டதாரிக்கு ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம், அதுவும் மொழி படிக்கத் தயாராக இருந்தால் மட்டும். கல்யாணமாகி இருவரும் சம்பாதிக்க வேண்டும் என்றால் கனடாவில் 16 மாத முதுநிலை. காமர்ஸ், ஆர்ட்ஸ் படித்து, மொழி படிக்கவும் மனமில்லாமல், கடனையே நம்பியிருக்கிறவருக்கு இந்த ஐந்தில் எதையும் இப்போது நான் சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்டு இங்கே வேலை பார்த்துவிட்டு மறுபடி யோசிக்கலாம். சேமிப்பு கூடும், விண்ணப்பத்துக்கு வேலை அனுபவமும் சேரும்.

ஜெர்மனி என்று தீர்மானித்தவர்களுக்கு எதை எதற்குப் பின் செய்வது என்பது முக்கியம். முதலில் சி.ஜி.பி.ஏ.வை அவர்கள் முறைக்கு மாற்றிப் பாருங்கள். தேர்ச்சிக்கு 5, உச்சம் 10 என்று வைத்தால் 7.5 எடுத்தவருக்கு ஜெர்மன் கிரேடு 2.5 வரும். பல நல்ல படிப்புகள் அதற்கு மேல் போனால் விண்ணப்பத்தைப் பார்ப்பதில்லை. அங்கே எண் குறைந்தால்தான் நல்லது. அடுத்தது, நம் மார்க் ஷீட்டும் பட்டமும் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் டெல்லி ஏ.பி.எஸ். சான்று, கட்டணம் 18,000 ரூபாய். 2022 நவம்பரிலிருந்து இது இல்லாமல் மாணவர் விசா விண்ணப்பமே கிடையாது. பல பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பங்களைச் சேகரித்துச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாகப் போகும் விண்ணப்பங்களுக்கு முதலாவதுக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது, கடைசித் தேதிகள் பெரும்பாலும் மே 31க்கும் ஜூலை 15க்கும் இடையில் விழும், முன்கூட்டியே மூடுகிற படிப்புகளும் உண்டு. கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: 2025 ஏப்ரல் 1 முதல் வங்கிக் கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு டி.சி.எஸ். எனும் முன்கூட்டிய வரி பிடிப்பதில்லை. மூன்றாம் ஆண்டில் இருப்பவர் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனிலோ பக்கத்து ஊர் வகுப்பிலோ ஏ1ஐ இப்போதே தொடங்கினால், விமானம் ஏறும்போது பி1 கையில் இருக்கும்.